மூன்று மாத உத்தரவாதம்

"ஐ ஆம் கோ மார்க்கெட்," என்றார் ஜெனீரா.

"ஐ ஆம் கோயிங், ஆன்ட்டி."

"அதத்தானே சேர் நானும் சொன்னேன்."

அஜந்தன் கண்ணை மூடிக்கொண்டான். ஹல்துமுல்லையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, 'மூன்றே மாதத்தில் சரளமான ஆங்கிலம், உத்தரவாதம்' என்று போர்டு மாட்டியவன் அவன்தான். மூன்று மாதம் முடியப்போகிறது. சேர்ந்தவர் ஜெனீரா ஒருவர் மட்டுமே. லண்டன் மருமகளோடு பேச வேண்டுமாம்.

கொடுத்த வாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம் என்று பார்த்தான்.

"ஆறு மாசம் ஆகலாம் ஆன்ட்டி."

"நல்லம் சேர். அவசரமில்ல."

மேலதிக வகுப்பு வைத்தான். வட்டிலப்பத்தோடு வந்தார். அன்றைக்கு 'கோ'கூட மறந்துபோயிருந்தது.

போனில் பேசுவதுபோலப் பழக்கினான். "மருமகளுக்குக் காய்ச்சல்னு வைங்க. என்ன சொல்லுவீங்க?"

"வெரி குட், தேங்க் யூ."

"ஆன்ட்டி, ஒரு வருஷமும் ஆகலாம்," என்றான் கடைசியாக. இதோடு நின்றுவிடுவார் என்று நினைத்தான்.

ஜெனீராவின் முகம் மலர்ந்தது. "ஒரு வருஷமா? அல்ஹம்துலில்லாஹ்!"

அவர் படியிறங்கி எதிர்வீட்டுக்குப் போனதும் பனி ஜன்னலை மூடியது. அஜந்தன் கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடொன்றில் வளர்ந்தவன். அங்கே இருமினால்கூடச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "என்னடா ஆச்சு?" என்று கேட்பார்கள். இங்கே கடையில் பாண் கேட்பதைத் தவிர்த்தால், அவன் பேசுவது இந்த ஒருவரோடுதான். இன்னும் ஒரு வருஷம் வருவார் என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் பஸ் ஏறிப் பெரகலயில் ஜெனீராவின் கணவர் ஹபீஸ் நடத்தும் இரும்புக்கடைக்குப் போனான்.

"ஹபீஸ் நானா, மன்னிச்சுக்கங்க. போர்டுல போட்டது பொய்ங்க. எத்தன வருஷம் படிச்சாலும் ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் வராது. இனிமே அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தான்.

ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஹபீஸ் தராசைக் கீழே வைத்தார்.

"அவவுக்கா இங்கிலீஷ் வராது? பதுளையில இருவது வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவ தம்பி! எங்கட வீட்டுக்கு எதிர்மாடியில ஒரு புள்ள வெறும் பெஞ்சுக்குப் பாடம் எடுக்குது, பாத்துக்கிட்டிருக்க ஏலாது எண்டுதான் அங்க வாறா."