பாண்டிக்கூட்டின் பூர்வீகம்

ஸ்ரீவில்லிபுத்தூர், 1903 ஜூன் 16

1. இதை எழுதுபவன், இவ்வூர் முன்சீப் கோர்ட்டு வக்கீலும் வேலுத்தாயின் அண்ணனுமான ராஜரத்தினம், வயது ஐம்பத்திரண்டு.

2. பெறுபவர், அவள் கணவரும் வத்திராயிருப்பு மாந்தோப்பு வழக்கின் வாதியுமான தாங்கள்.

மைத்துனர் சுந்தரபாண்டியன் அவர்களுக்கு, நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். பெருச்சாளியும் க்ஷேமமாகவே இருக்கும் என்று கருதுகிறேன்.

தோப்பின் கீழ்வரிசை மரங்கள் ஏழும் யாருடையவை என்று காட்டும் தாய்ப்பத்திரம் என் பெட்டியிலிருந்து காணாமற்போனதையும், பெட்டி மூலையில் ஓட்டையும் தரையில் வளையும் இருந்ததையும் முன்பே தெரிவித்தேன். அதன்படி, பத்திரத்தைப் 'பாண்டிக்கூட்' கொண்டுபோயிற்று என்று, பெருச்சாளிக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயரையே குறித்து, பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தேன். எதிர்க்கட்சி வக்கீல் அகராதியோடு எழுந்தார். "பாண்டிக்கூட் ஆஸ்திரேலியாவில் உள்ள பிராணி. அது கப்பலேறி வந்து இவர் பெட்டியைத் திறந்ததா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பின் உத்தரவுப்படி, வியாழக்கிழமைக்குள் அச்சொல்லின் பூர்வீகத்தை நான் நிரூபிக்காவிட்டால் பிரமாணப் பத்திரம் தள்ளுபடி, மரங்களும் போயின.

என் அகராதியோ அதைத் தெலுங்குச் சொல் என்கிறது. ஆனால் அகராதியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா? ஆகவே ராஜபாளையத்துக்கு வண்டி கட்டிப் போய், தானியக் கிடங்கில் எலிப்பொறி வைப்பவளும் வீட்டில் தெலுங்கு பேசுபவளுமான அய்யம்மாளை விசாரித்தேன்.

"பந்திகொக்கு, சாமி. பந்தின்னா பன்னி, கொக்குன்னா எலி. பன்னி கணக்கா உறுமும்லா?"

"உன் தாயும் அப்படியே சொன்னாளா?"

"எங்க ஆத்தாளும் சொன்னா, அவ ஆத்தாளும் சொன்னா. வெள்ளக்காரன் எப்ப வந்தானாம்?"

ஆக, சொல் இங்கே பிறந்தது. பின்னரே கடல் கடந்து வேறொரு பிராணியின்மேல் ஏறியது. ஏற்றிவிட்டவன் மாலுமியோ சிப்பாயோ, அறிய எனக்குப் பேராவல். அவளோ விடவில்லை.

"அது கெடக்கட்டும். பந்திகொக்குக்குக் காயிதத்துல என்ன வேல? கூடத் திங்கிற சாமான் ஏதும் வச்சீகளா?"

தாங்கள் அனுப்பிய கீழ்வரிசை மரத்து மாம்பழம் ஆறும் அதே பெட்டியில் இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

"நல்லா வச்சீக போங்க! வளையத் தோண்டுங்க, அம்புட்டும் உள்ள இருக்கும்."

அவளை வண்டியில் அழைத்து வந்திருக்கிறேன். சொல்லின் பூர்வீகம் உறுதி. தாங்கள் கவலையின்றி இருக்கவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

பின்குறிப்பு: தோண்டியாயிற்று. ஆறு மாங்கொட்டைகளுக்கு நடுவே பத்திரம் ஓர் எழுத்தும் சேதமின்றிக் கிடைத்தது. உறவினர் வாக்கென்று நம்பி இதுவரை படியாதிருந்தது என் பிழை, இன்று படித்தேன். மரங்கள் ஏழும் எதிர்வாதியுடையவை. கிடைத்ததை மறைக்க உடன்படேன். சமாதானம் பேச வியாழக்கிழமை வரவும். மாம்பழம் வேண்டாம், அதுவும் அவருடையதே.

(ஒப்பம்) ராஜரத்தினம்

சாட்சிகள்:
சேக் முகைதீன், குமாஸ்தா (வளையைத் தோண்டியவர்)
அய்யம்மாள், கைநாட்டு (தோண்டச் சொன்னவள்)