கடைசி அத்தியாயத்தைத் தராத ‘தொடரும்’

சேர்வராயன் மலையில் மனிதரைக் கடுப்பேற்றுவதற்கென்றே பிறந்தவர் ‘தொடரும்’ ஒருவர்தான். அட்டைப்பூச்சிகூட அவருக்கு அடுத்துத்தான்.

வாழவந்தியில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, தான் எழுதிய நாவலை என்னைப் போன்ற சக பயணிகளுக்கு உரக்கப் படிப்பார். ஒரு எஸ்டேட், ஒரு காட்டெருமை, ஒரு கொலை. கொன்றவன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் சரியாக வாழவந்தி வந்துவிடும்.

“மிச்சம் நாளைக்குங்க” என்று இறங்கிவிடுவார். இப்படி வந்ததுதான் அந்தப் பெயர்.

ஒருநாள் கண்டக்டர் விசில் அடிக்க மறுத்துவிட்டார். “ஏனுங்ணா, கொன்னது யாருன்னு சொல்லிட்டு எறங்குங்க!”

“அது கடைசி அத்தியாயமுங்க. ஊட்டுக்காரிக்கே காட்டலை. புஸ்தகம் வந்தாத்தான்.”

போன வருஷம் ஒரு சாயங்காலம், முகமெல்லாம் பல்லாக ஏறினார். பதிப்பகத்துக்காரன் என்று ஒருத்தன் போன் செய்தானாம். நாவலுக்குப் பரிசாம். அச்சுச் செலவை மட்டும் இவர் உடனே கட்டணுமாம். அதற்காகத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். அத்தனை மரத்திலும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பரிசு குடுக்கிறவன் பணம் கேப்பானா? புஸ்தகம் போடுறவன் அதை வித்துச் சம்பாதிக்கணும். எழுதுனவன்கிட்டயே கேட்டா அவன் திருடன். அவசரப்படுத்தினா பெரிய திருடன்!”

“உங்களுக்குப் பொறாமை சாமி. அவரு நொம்ப ரசிகருங்க. கடைசி அத்தியாயம் படிச்சுட்டு அழுதுட்டாராம்.”

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். “ஏனுங்ணா, அதை அவனுக்கு மட்டும் அனுப்பிட்டீங்களா?”

தொடரும் கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டினார். “இல்லீங்களே... மத்ததைத்தான் அனுப்பினேன். அது பீரோவுல கெடக்குது.”

அங்கேயே அந்தப் பதிப்பகத்துக்காரனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “ஏனுங்க சார், கதையில கொன்னது யாருங்க?”

“அந்தக் கொலைகாரனா? ஆகா, மறக்க முடியாத பாத்திரம் சார்! பணம் எப்பப் போடுறீங்க?”

“மிச்சம் நாளைக்குங்க” என்று போனை அணைத்தார். பஸ்ஸே கைதட்டியது. ஆனால் அன்று அவர் நாவலைப் படிக்கவில்லை.

மரங்கள் தப்பித்தன. நாவலை இன்னும் எவனும் அச்சுப் போடவில்லை. மறுவாரமே மனிதர் முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

நான் ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். அது வீட்டில் நிற்கிறது. சாயங்காலம் இன்னும் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறேன்.