மிலுட்டின் திறந்த ஜன்னல்

"ஜன்னலைத் திறந்தது யாரு?"

பாட்டு பாதியில் நின்றது. வெளியே பிப்ரவரிப் பனி. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் ஜன்னல், நடுவில் பாட்டுக்குழுவின் பதினாறு செர்பிய ஆண்கள். அந்த ஊர்க்காரர்கள் பயப்படுவது இரண்டுக்குத்தான்: போர், குறுக்குக் காற்று. போருக்குப் போய்த் திரும்பியவர்களாவது உண்டு.

"என் கழுத்து போச்சு! நாளைக்கு வாய் கோணிக்கும், பாரு!" என்று கத்தினார் ஒப்ராட். ஜன்னலிலிருந்து மிகத் தள்ளி நின்றிருந்தவர் அவர்தான்.

பின்வரிசையிலிருந்து ஸ்பாசோயே எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். வயது எழுபத்தொன்பது. அவர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் இரும்பு அடுப்பின் மூடி அதிரும். ஆனால் தனிப்பாட்டு என்றால் மாட்டேன் என்று தலையாட்டிவிடுவார். அதனால்தான் சனிக்கிழமைப் போட்டியின் தனிப்பாட்டு மிலுட்டினுக்குக் கிடைத்திருந்தது. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை.

"நான்தான் திறந்தேன்" என்றார் மிலுட்டின். முகம் சிவந்து, வியர்வை காலர்வரை ஓடியது. "மதியம் சாப்பிட்ட மிளகாய் கொஞ்சம் காரம்."

பொய். காரணம் அவர் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொண்ட ஊசி.

புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை வந்துவிட்டது. அதற்குத் தீனி ஆண் ஹார்மோன். அதைச் சுரக்கச் சொல்லி மூளைதான் விட்டுவிட்டு மணி அடிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசி அந்த மணியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இடைவிடாமல் மணி அடித்தால் எந்த வேலையாள் வருவான்? காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவான். சுரப்பு நிற்கும், நோய் பட்டினி கிடக்கும். ஆனால் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் மூலை மட்டும் குழம்பிப்போய், நினைத்த நேரத்தில் உள்ளே அடுப்பை மூட்டிவிடும்.

"குரல் போகாது. பன்னிரண்டு, பதிமூணு வயசுல தடிச்ச குரல்வளை திரும்பச் சுருங்காது" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மிலுட்டின் நம்பவில்லை. ஆண் ஹார்மோனே இல்லாத ஆளுக்கு யார் கீழ்க்குரல் தனிப்பாட்டைக் கொடுப்பார்கள்? மனைவி யெலிட்சாவைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை ஒப்ராட் ஒரு ஜாடியோடு வந்தார். "பனியிலயே வியர்க்குற அளவுக்கு மிளகாய் சாப்பிடுற ஆளாச்சே! இது என் மச்சினன் தோட்டத்துது. குதிரையே அழுதுடும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிலுட்டின் மூன்று மிளகாய் தின்றார். அப்போது பார்த்து ஊசியின் சூடும் ஏறியது. கண், மூக்கு, நெற்றி எல்லாம் ஒழுக, ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்.

"டேய், கொலைகாரா!" ஒப்ராட் கழுத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

ஸ்பாசோயே வந்து சாத்தினார்.

வியாழக்கிழமை மறுபடி வியர்த்தது. இனி மிளகாயைச் சொல்ல முடியாது. "லேசா காய்ச்சல்" என்றார் மிலுட்டின்.

அதற்கு அவர் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம். காய்ச்சலுக்கு அந்த ஊரில் ஒரே வைத்தியம்தான். நாலு பேர் அவரை நாற்காலியில் அமுக்கினார்கள். ஒருவர் காலணியைக் கழற்றினார். ஒப்ராட் தன் வீட்டுப் பிளம் சாராயத்தில் கம்பளிக் காலுறைகளை முக்கி மாட்டிவிட்டார். மேலே மூன்று கோட்டுகள்.

"கழட்டுங்கடா! வேகுது!"

"வேகட்டும். அப்பதான் காய்ச்சல் இறங்கும்."

பாட்டு சொல்லிக்கொடுக்கும் தேசாங்கா டீச்சர் கவலையோடு குனிந்தார். "மிலுட்டின் அண்ணே, இந்த உடம்போட சனிக்கிழமை வேணாம். தனிப்பாட்டை ஒப்ராட் பாடட்டும்."

மிலுட்டின் மூன்று கோட்டுகளையும் உதறிவிட்டு எழுந்தார். சாராயக் காலுறை தரையில் சொதசொதவென்றது.

"காய்ச்சல் இல்ல, டீச்சர். மிளகாயும் இல்ல. எனக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். எலும்புக்கு வந்துடுச்சு. ஆண் ஹார்மோனை நிறுத்துற ஊசி போட்டுக்கிறேன், அதான் இந்தச் சூடு. வெட்கமா இருந்துச்சு, மறைச்சேன். இப்ப வெட்கம் இல்ல. நாலு மாசமா அதோட சண்டை போட்டுக்கிட்டு ஒரு நாள்கூட லீவு போடாம வந்து பாடியிருக்கேன். இதுல எவன் என்னைவிட ஆம்பளை, சொல்லுங்க பார்ப்போம்!"

அடுப்பில் விறகு வெடித்தது.

"நீ சொல்றதெல்லாம் சரி, மிலுட்டின்" என்றார் ஒப்ராட் தயங்கி. கேலியே இல்லை அந்தக் குரலில். "ஆனா… அந்த ஊசி போட்டா குரல் மெலிஞ்சுடும்பாங்களே. பாட்டு நடுவுல கீச்சுன்னு போச்சுன்னா?"

ராத்திரி ராத்திரியாக மிலுட்டினே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. டீச்சர் பாட்டுத்தாளை ஒப்ராட் பக்கம் நீட்டத் தொடங்கினார்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். ஸ்பாசோயே எழுந்து வந்து, நீட்டிய தாளை வாங்கி மிலுட்டின் கையில் வைத்தார். அடுப்பு மூடியை அதிரவைக்கும் அந்தக் குரலில் சொன்னார்:

"எனக்கு ஏழு வருஷமா அதே ஊசிதான்டா. நீ பாடு."