என் காலில் நானே ஏற்றிய வண்டி

உப்பூர் இறால் பண்ணையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நொண்டிக்கொண்டு நடந்தேன். வலது காலில் செருப்பு, இடது காலில் கட்டு. எதிரே வந்த இரண்டு பேர் விசாரித்தார்கள். மாடு முட்டிவிட்டது என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதன்பிறகு எந்த வேலையிலும் ஒரு மாதம் நின்றதில்லை. ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கும் அக்கா கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "ஒரே எடத்துல ஒரு மாசம் நின்னு காட்டு. அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காத." எனக்கென்று இருந்த ஒரே வீடு அது.

அதற்காகத்தான் பண்ணைக்குப் போனேன். குளங்களுக்கு நடுவே, மண்கரை மேல் தீவன மூட்டை கொண்டுபோக அங்கே ஒரு நாலு சக்கர பைக் இருந்தது.

"ஓட்டுவியாலே?" என்றார் சூப்பர்வைசர்.

"பைக்கு ஓட்டுறவனுக்கு என்னண்ணே, ரெண்டு சக்கரம் கூட, அம்புட்டுத்தான." (அப்போதே என் வாய்க்கு ஒரு கட்டுப் போட்டிருக்கலாம்.)

"கால மட்டும் கீழ ஊனிறாத."

நான்காம் நாள், கரையின் திருப்பத்தில் வண்டி லேசாகச் சாய்ந்தது. பைக் ஓட்டிப் பழகிய கால், என்னைக் கேட்காமலே தரையில் ஊன்றியது. பின்சக்கரம் நேராக அதன்மேல் ஏறியது. பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கினேன். ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. நான் கரையில் கிடக்க, வண்டி ஆறு மூட்டைத் தீவனத்தோடு குளத்துக்குள் இறங்கியது. இறாலுக்கெல்லாம் அன்று விருந்து.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா எழுதிக்கொண்டே கேட்டார்.

"வண்டி ஏத்துனது யாரு?"

"நாந்தான்."

"அடிபட்டது?"

"அதுவும் நாந்தான்."

பேனா நின்றுவிட்டது. சூப்பர்வைசர் அவரிடம், "நீங்களே சொல்லுங்க, நான் யார் மேல கேசு குடுக்க?" என்றார். இரண்டு விரல் முறிவு. வைத்தியச் செலவை அவரே பார்த்துக்கொண்டார், வேலைக்கும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

நிறுத்தத்தில் மங்கலம் பேருந்து வந்து நின்றது. நாலு நாள் கணக்கோடு அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அதை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் ராமநாதபுரம் போகும் வண்டியில் ஏறினேன். அங்கிருந்து புதுமடம்.

மறுநாள் காலை, கடற்கரையில் கருவாடு காயவைக்கும் ஒரு அம்மாளிடம் வேலை கேட்டேன். என் காலைப் பார்த்தார்.

"ஓட முடியுமாப்பா?"

"நடக்கவே ஏலாதும்மா."

"அப்பச் சரி. போன வாரம் வந்தவன் ரெண்டே நாள்ல ஓடிட்டான். இங்கன ஒக்காந்து காக்கா வெரட்டு."

குச்சியோடு உட்கார்ந்தேன். விரல் கூடி எழுந்து நடக்க முப்பத்தைந்து நாள் ஆனது. ஒரு மாதக் கணக்கோடு போனதும் அக்கா கதவைத் திறந்தாள்; அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இன்றைக்கும் நான் புது வேலைக்குக் கிளம்பினால் அவள் கேட்பது ஒன்றுதான்: "அங்கன வண்டி கிண்டி இருக்காடா? கால்ல ஏத்துனாத்தான் நீ ஒரு எடத்துல நிப்ப."