சமாதானத் தயிர்சாதம்

கொசு அடிக்கும் மட்டையைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்த இயேசுதாசனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அதை ஏம்ப்பா ஒளிக்கிறீங்க?" என்றாள் மகள் ஜோவன்னா.

"வர்றது யாரு? போர் வேண்டாம்னு ஊரெல்லாம் பேசுற அம்மா. இதைப் பார்த்தா நம்ம வீட்டுல சம்பந்தம் பண்ணுவாங்களா?"

சிங்கப்பூரில், சுவா சூ காங் வட்டாரத்து வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் 'இன்னும் நாலு குண்டு போடு' என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர் இயேசுதாசன். ஜோவன்னா விரும்பிய ரோனியின் தாயார் பிலோமினம்மாளோ, மாதா கோயில் சமாதானக் குழுவின் தலைவி. இன்று மதியம் கல்யாணம் பேசி முடிக்க வருகிறார்கள். போரைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று மட்டும்தான் மகள் சொல்லியிருந்தாள்.

மனுஷன் அதோடு விட்டாரா? சமாதானக்காரர்கள் என்றால், எதிரி வந்ததும் வீட்டுச் சாவியைக் கொடுத்துக் கும்பிடு போடுகிறவர்கள் என்பது அவருடைய தீர்மானம். அதனால் இரும்புக் கேட்டின் பூட்டைக் கழற்றி வைத்தார். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுக்கறியை ஃப்ரீஸருக்கு அனுப்பிவிட்டுத் தயிர்சாதம் கிளறினார்.

பிலோமினம்மாள் மகனோடு வந்ததும் வராததுமாகக் கேட்டார். "கேட்டு திறந்தே கிடக்கு. பூட்டு கெட்டுப்போச்சாண்ணே?"

"பூட்டெல்லாம் எதுக்கும்மா? வர்றவன் வரட்டும். வேணுங்கிறதை எடுத்துட்டுப் போகட்டும்."

அம்மாளின் முகம் மாறியது. சாப்பாட்டைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மாறியது.

"மட்டன்னு ஜோவன்னா சொன்னாளே?"

"ஆடும் ஒரு உயிர்தானேம்மா."

ரோனி ஊறுகாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

நேரம் பார்த்து ஒரு கொசு அம்மாளின் முழங்கையில் உட்கார்ந்தது.

"பாவம், குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் இயேசுதாசன் உருக்கமாக.

பட்டென்று ஒரே அடி. கொசு காலி.

"டெங்கி பரவுற நேரத்துல என்ன பேச்சு இது? அண்ணே, உள்ளதைச் சொல்றேன். என் பையன் வேலைக்காக அடிக்கடி வெளிநாடு போறவன். அப்பல்லாம் மருமக உங்க வீட்டுலதான் இருப்பா. ஒரு ஆபத்துன்னா நீங்க கதவைத் திறந்துவிட்டு ஓரமா நிப்பீங்க போலிருக்கே. எனக்கு யோசனையா இருக்கு."

ஜோவன்னாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் இயேசுதாசன் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"எல்லாம் நடிப்பும்மா. நான் சண்டைக்கு ஆதரவு. நீங்க பட்டாளமே வேண்டாம், காவலே வேண்டாம்னு சொல்றவங்களாச்சேன்னு..."

"அப்படி யார் சொன்னது? நம்ம வீட்டுக்குக் காவல் வேணும். அடுத்தவன் வீட்டுல போய்க் குண்டு போடாதேன்னுதான் சொல்றோம். முதல்ல பேசு, அலுத்துப்போனாலும் இன்னொரு தடவை பேசு. அதுக்குக் கதவைத் திறந்து போடணுமா லா?" சொல்லும்போதே அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பத்தான் ஒரு உண்மை பேசியிருக்கீங்க. தேதியைப் பாருங்க. ஆனா அடுத்த தடவை மட்டன் இல்லாட்டி நான் வரமாட்டேன்."

ஜோவன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயேசுதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"இருந்தாலும் நீங்க ரொம்ப சாதுவானவங்கம்மா. கோயில், ஜெபம்னே இருந்துட்டீங்க. ஒரு நாளாவது துப்பாக்கியைக் கையில தொட்டுப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க."

பிலோமினம்மாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். ரோனிதான் முதல்முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அங்கிள், அம்மா இதை யார்கிட்டயும் சொல்லிக்கமாட்டாங்க, ஜோவன்னாவுக்கே தெரியாது. இருபது வருஷம் ஆர்மியில புதுப் பசங்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த சார்ஜன்ட்டே அவங்கதான்."