இனகாகியின் கண்ணீர்ச் சோதனை

விடைபெறும் விருந்தில் இனகாகியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மிசோ சூப்பில் விழுந்ததை, எதிரே இருந்த மேலாளர் குரோய்வா பார்த்துவிட்டார்.

வந்தது வினை. ஸ்டேப்லர் பின் கோணலாக இருக்கிறது என்று இனகாகியின் அறிக்கையைத் திரும்பத் திரும்ப அடிக்கவைத்த புண்ணியவான் குரோய்வா. அவரை டோக்கியோவிலிருந்து அகிதா கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேட்டதும், கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு ஆடியவன் இனகாகி.

"எனக்காகவா அழுவறே?"

"ஐயோ, இல்ல சார். மார்ச் மாசமாச்சே, சுகி மரத்து மகரந்தம். கண்ணுக்கு ஆகாது."

"ரயிலேத்தி விட்டப்ப எங்கப்பாவும் இதையேதான்டா சொன்னாரு," என்று குரோய்வா மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் இனகாகி மகரந்தம் புகாத பெரிய கண்ணாடியாக வாங்கி மாட்டிக்கொண்டு போனான். குரோய்வா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றவனின் கண்ணாடிக்குள் தண்ணீர் பாதிவரை ஏறிவிட்டது.

"பாருங்கய்யா, மறைச்சு மறைச்சு அழுவறான்! மேலிடத்துல பேசிட்டேன். நீயும் என்கூட அகிதா வர்றே."

இனகாகி அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினான். அகிதா முழுக்கச் சுகிக் காடு. அதையாவது சகித்துக்கொள்ளலாம், அங்கேயும் இவரா?

"சத்தியமா ஒவ்வாமைதான் சார்! டாக்டர் சொன்னா நம்புவீங்களா?"

"வா, போவோம். அவர் ஆமான்னா உன்னை இங்கயே விட்டுடறேன்."

கண் டாக்டர் இனகாகியின் இமையைப் புரட்டினார்.

"அரிப்பு இருக்கா?"

"அதையெல்லாம் கவனிக்க எங்க டாக்டர் நேரம்?"

"இமைக்கு உள்பக்கம் மாஸ்ட் செல்னு காவக்காரங்க இருக்காங்க. மகரந்தத்தைப் பாத்தா திருடன்னு நெனச்சு, வச்சிருக்கிற மருந்து மூட்டையெல்லாம் அவுத்துக் கொட்டிடுவாங்க. உடனே ஈசினோஃபில்னு அடியாளுங்க கும்பலா வந்து எறங்குவாங்க. சுரண்டிப் பாத்தா மாட்டிக்குவாங்க."

சுரண்டினார். கண்ணோரத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகிக் கண்ணீரையும் பிடித்துக்கொண்டார். அதுவரை குரோய்வா இனகாகியின் கையை விடவே இல்லை.

காத்திருந்த நேரத்தில் இனகாகி தன் கண்ணுக்குள் இருப்பவர்களிடம் மனதாரக் கெஞ்சினான். வாங்கடா ராசாக்களா, குடும்பத்தோட வாங்க, ஊரையே கூட்டிட்டு வாங்க. தனக்கு நோய் இருக்க வேண்டும் என்று இப்படி உருகி வேண்டியவன் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவன் ஒருவன்தான்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். இனகாகி துள்ளி எழுந்தான்.

"கும்பலா இருக்காங்களா சிஸ்டர்?"

"ஒரு அடியாள்கூட இல்லீங்க, கண்ணீர்ச் சோதனையும் சுத்தம்," என்றவள் குரோய்வா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வாமையெல்லாம் ஒண்ணுமில்ல சார். யாரோ ரொம்ப வேண்டியவங்க பிரிஞ்சு போறாங்க போல, அழுதிருக்காரு, பாவம்."