பாண் ஆட்டோவில் போன பாட்டு

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்திருக்கிறது என்று சொன்னால், என் மனைவி வசந்தி இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். (முழுவதையும் கேட்டுத் தடுத்துவிட வேண்டுமாம்.) அவளைக் குறை சொல்ல முடியாது. கொரோனாக் காலத்தில் எனக்கு வந்த யோசனையை மாத்தளையில் எங்கள் பக்கம் இன்னும் யாரும் மறக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சேர்ந்திசைக் குழுவுக்கு நான் தொடர்புச் செயலாளர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கச்சேரி நாளில் நாற்காலி அடுக்குவதும், மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்வதும்தான் வேலை. குழுவை நடத்துபவர் சந்திரா டீச்சர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. ஊரே அடையாளம் காணும் கனத்த குரல். அந்தக் குரலில்தான் பாடுவார். பாடாத நேரத்தில் அதே குரலில் எங்களை ஏசுவார்.

ஊரடங்கு வந்ததும் கச்சேரி நின்றது. அவரவர் வீட்டிலிருந்து பேஸ்புக்கில் நேரலையாகப் பாடிப் பார்த்தோம். ஒருவர் பல்லவியில் நிற்க, இன்னொருவர் சரணத்தை முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்களும் நாங்களேதான். எங்கள் உண்மையான ரசிகர்கள் டீச்சரின் தெருவில் இருக்கும் வயதானவர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டே தூங்கிப்போவார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் பட்டன் போன். இவர்கள் எங்களை மறந்துவிட்டால் பிறகு யாருக்குப் பாடுவது என்பதுதான் டீச்சரின் ஓயாத கவலை.

அந்தக் கவலையோடு அவருக்குக் காய்ச்சலும் வந்தது. கொரோனா என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து அவரைச் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றிப் போனதைத் தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

அவர் திரும்பி வருவதற்குள் அந்தக் கவலையையாவது தீர்த்துவைப்போம் என்று கிளம்பினேன். பேக்கரியிலிருந்து பாணும் பணிஸும் கொண்டுவந்து விற்கும் நிஸாம் நானாவின் ஆட்டோவுக்கு ஊரடங்கிலும் வீடு வீடாகப் போக அனுமதி இருந்தது. கூரையில் ஒலிபெருக்கியும் இருந்தது. பாண் வந்திருக்கிறது என்று சொல்லும் வழக்கமான மெட்டுக்குப் பதிலாக, போன வருடக் கச்சேரியில் டீச்சர் பாடிய விடியல் பாட்டைப் போடச் சொன்னேன். நானா தயங்கினார். கலை, சேவை, மனிதாபிமானம் என்று ஏதேதோ பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. (இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.)

மறுநாள் பகல், பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் வசந்தியின் அக்கா போனில் அழைத்தார்.

"சந்திரா டீச்சர் போயிட்டாங்களாம். அவங்க வீட்டு கேட்டுகிட்ட நிஸாம் நானா அழுதுக்கிட்டு நின்னாராம். அந்தத் தெருவுல துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டுறாங்க."

டீச்சரின் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. ஒரே மகன் வெளிநாட்டில், நம்பர் தெரியாது. இறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடாத காலம் அது. நாற்காலி அடுக்கியதற்காவது ஒரு நாள் அவர் பாராட்டுவார் என்று காத்திருந்தவன் நான். குழந்தை மாதிரி அழுதேன்.

அழுதுகொண்டே குழுவின் வாட்ஸ்அப்பில் இரங்கல் எழுதினேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு, மலையகத்தின் குயில், எங்களை ஒரு நாளும் ஏசியறியாத தாய். கைக்கு வந்ததையெல்லாம் போட்டேன். அதைப் படித்தவர்கள் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். பஸ்ஸே ஒழுங்காகப் போகாத பல்லேகமவிலிருந்துகூட அனுதாபம் வந்தது.

அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியதே டீச்சர்தான் என்பது மட்டும் எனக்கு நினைவில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் பெயரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. உடனே அழுத்தினேன்.

"நான் இன்னும் போகல தம்பி. போனை சார்ஜுக்குப் போட்டிருந்தேன். இங்க பருப்புல உப்பு இல்ல, அது ஒன்னுதான் கொறை. நீங்க எழுதினத ரெண்டு தரம் படிச்சேன். நல்லா இருக்கு. அழிச்சிராதிங்க, பின்னுக்குத் தேவைப்படும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வசந்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நிஸாம் நானா வந்துவிட்டார், ஆட்டோ நிறையப் பாணோடு.

"பாட்டுக் கேட்டதும் எல்லாரும் ஜன்னலச் சாத்திட்டாங்க தம்பி. ஒரு பணிஸ் போகல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆம்புலன்ஸில் போன டீச்சரின் குரல், மரண அறிவித்தல் வண்டி மாதிரி ஆமை வேகத்தில் வரும் ஆட்டோவின் ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துக் கேட்டால் தெரு வேறென்ன நினைக்கும்? வண்டி டீச்சர் வீட்டு வாசலில் வேறு நின்றிருக்கிறது. அழுதீர்களாமே என்று நானாவிடம் கேட்டேன். மாஸ்க் போட்டதால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததாம். வண்டியை நிறுத்தி, தலையைக் குனிந்து அதைத் துடைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

பாண் முழுவதையும் நானே வாங்கினேன். பல நாள் எங்கள் வீட்டில் பாண் உப்புமா, பாண் வடை, பாண் பாயாசம்.

டீச்சர் குணமாகி வந்த நாளில் தெரு முழுக்க வாசலில் நின்றது. எங்கள் குழுவுக்கு அவ்வளவு கூட்டம் அதுவரை கூடியதில்லை. அவிழ்க்க மறந்த வெள்ளைக் கொடி ஒன்று அவர் வீட்டுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது வருடாந்தக் கச்சேரியில் டீச்சரை அறிமுகப்படுத்துவது நான்தான். புதிதாக எதுவும் எழுத விடமாட்டார். அந்த இரங்கலைத்தான் வாசிக்க வேண்டும். "காலமானார்" என்பதை மட்டும் விட்டுவிடலாம். "எங்களை ஒரு நாளும் ஏசியறியாத" என்ற இடம் வந்ததும் மண்டபம் சிரிக்கும். முன்வரிசையில் தூங்குபவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். டீச்சர் என் பக்கம் சாய்ந்து, கையால் மைக்கை மூடிக்கொண்டு சொல்வார்:

"நல்லா சத்தமா வாசிங்க தம்பி. நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்."